சிறிய பொதிகள் சேர்கின்றன, பெரியவை சேரவில்லை: யாழ்ப்பாணக் கிளைக்கான வி.பி.என் இணைப்பில் எம்.ரி.யு சிக்கல்

காலி_வீதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளவத்தையில் உள்ள கணக்காய்வு அலுவலகம் ஒன்றின் வலையமைப்பைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. எங்கள் கிளை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. இரண்டு இடங்களிலும் பைபர் இணைப்பு. இரண்டுமே சேவை வழங்குநர் கொடுத்த ரவுட்டர் வழியாக, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.ஈ முறையில் இணைகின்றன. அந்த ரவுட்டருக்குப் பின்னால் ஒவ்வோர் அலுவலகத்திலும் லினக்ஸ் இயங்கும் சிறிய பெட்டி ஒன்றை வைத்து, அவை இரண்டுக்கும் இடையே வயர்கார்ட் என்ற வி.பி.என் மென்பொருளால் சுரங்கம், அதாவது பொது இணையத்தின் ஊடாக மறைகுறியாக்கிய தனி இணைப்பு, அமைத்திருக்கிறோம். சுரங்க இடைமுகத்தின் எம்.ரி.யு, அதாவது அது ஒரே தடவையில் ஏற்கும் மிகப் பெரிய பொதியின் (வலையமைப்பில் பயணிக்கும் தரவுக் கட்டின்) அளவு, வயர்கார்ட் தானாக வைத்த 1420 பைற்றிலேயே இருக்கிறது. நீண்ட காலமாக இந்த ஏற்பாடு தடங்கலின்றி வேலை செய்தது.

அண்மையில் கிளைப் பகுதியில் மின்சாரம் தடைப்பட்டு, அங்குள்ள பெட்டி அணைந்து மீண்டும் இயங்கிய பிறகு நிலைமை மாறிவிட்டது. யாழ்ப்பாணத்தில் உள்ளவர்கள் கொழும்புச் சேவையகத்தின் கோப்புறைகளைத் திறக்கிறார்கள், பெயர்ப்பட்டியலும் தெரிகிறது, சிறிய கோப்புகளைச் சேமிக்கவும் முடிகிறது; ஆனால் சற்றுப் பெரிய கோப்பைக் கொழும்புக்கு ஏற்றத் தொடங்கினால் ஆரம்பத்திலேயே அசையாமல் நின்று, சில நிமிடங்களின் பின் இணைப்பு அறுந்துவிடுகிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அதே கோப்பை அனுப்பினால் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது.

பொதியைத் துண்டாக்கக்கூடாது என்ற கொடியை இட்டு, யாழ்ப்பாணக் கணினி ஒன்றிலிருந்து, சோதனைப் பொதியை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை வெவ்வேறு அளவுகளில் இயக்கிப் பார்த்தேன். தரவு 1380 பைற்று வரை இருந்தால் பதில் வருகிறது. 1381 முதல் 1392 வரை எந்தப் பதிலும் இல்லை, எந்தப் பிழைச்செய்தியும் இல்லை. 1393 ஆனதும் துண்டாக்க வேண்டும் என்ற பிழைச்செய்தி உடனே வந்துவிடுகிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இதே சோதனையைச் செய்தாலும், கோப்பு ஒழுங்காகப் போகும் அந்தத் திசையில்கூட, 1380 ஐத் தாண்டியதும் பதில் நின்றுவிடுகிறது. இந்த முரண் எனக்கு விளங்கவில்லை.

இதற்குத் தொடர்பு உண்டோ தெரியாது, எனினும் சொல்லிவைக்கிறேன்: அண்மைக் காலத்தில் எங்கள் சேவை வழங்குநர் இரண்டு இணைப்புகளுக்கும் பழைய ஐ.பி.வி4 முகவரிகளோடு, இணைய முகவரிகளின் புதிய வகையான ஐ.பி.வி6 முகவரிகளையும் வழங்கத் தொடங்கியிருக்கிறார். எல்லாக் கணினிகளிலும் எம்.ரி.யுவை 1400 ஆகக் குறைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று ஒருவர் ஆலோசனை கூறினார். அப்படிச் செய்வது சரியா? 1380 என்ற எல்லை எங்கிருந்து வருகிறது?


பொதிநோக்கர் எழுதியது:

வணக்கம் ஐயா. சோதனையின் முடிவுகளை மூன்று பகுதிகளாகப் பிரித்து எழுதியிருப்பதால், உங்கள் பெட்டியைத் தொடாமலே காரணத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ள முடிகிறது. தொடர்பு உண்டோ என்று நீங்கள் ஐயத்துடன் சொன்ன ஐ.பி.வி6 தான் இதில் முக்கியமானது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கம்பி வலையமைப்புத் தரமான ஈதர்நெற்றின் சட்டகம் (பொதியைச் சுமக்கும் வெளிக்கட்டு) ஒன்று சுமக்கக்கூடிய பொதியின் உச்ச அளவு 1500 பைற்று. பி.பி.பி.ஓ.ஈ தனக்கென 8 பைற்றை எடுத்துக்கொள்வதால் உங்கள் பைபர் இணைப்பில் எஞ்சுவது 1492. வயர்கார்ட் சுரங்கமோ ஒரு கடித உறையை முழுவதுமாக இன்னோர் உறைக்குள் இடுவது போல, உள்ளே வரும் பொதியை மறைகுறியாக்கி, அதற்கு வெளியே தன் 32 பைற்றையும், யு.டி.பி என்ற அனுப்பும் நெறிமுறையின் தலைப்பகுதியின் (பொதியின் முன்னால் வரும் விவரங்களின்) 8 பைற்றையும், ஐ.பி தலைப்பகுதியையும் சேர்க்கிறது. வெளி உறை ஐ.பி.வி4 ஆக இருந்தால் அந்தத் தலைப்பகுதி 20 பைற்று; ஐ.பி.வி6 ஆக இருந்தால் 40. எனவே மேலதிகச் சுமை ஐ.பி.வி4 இல் 60 பைற்று, ஐ.பி.வி6 இல் 80 பைற்று.

வயர்கார்ட் தானாக வைக்கும் 1420 என்பது, 1500 இலிருந்து கூடிய சுமையான 80 ஐக் கழித்து வந்த எண். உங்கள் சுரங்கம் ஐ.பி.வி4 மேல் ஓடிய காலத்தில் 1420 உடன் 60 சேர்ந்து 1480 ஆனது. 1492 க்குள் அடங்கியது, 12 பைற்று மிச்சமும் இருந்தது. இப்போது ஐ.பி.வி6 மேல் ஓடினால் 1420 உடன் 80 சேர்ந்து 1500 ஆகிறது; 1492 ஐ விட 8 பைற்று கூடிவிட்டது. மறுமுனையின் பெயருக்கு உரிய முகவரியை வயர்கார்ட் சுரங்கத்தைத் தொடங்கும் வேளையில் மட்டுமே தேடிப் பெறுகிறது. ஐ.பி.வி6 முகவரி பதிவானபோது ஓடிக்கொண்டிருந்த சுரங்கத்துக்கு எதுவும் நேரவில்லை. மின்தடையின் பின் பெட்டி மீண்டும் இயங்கியபோது அது புதிய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வயர்கார்ட்டின் நிலையைக் காட்டும் கட்டளையை இயக்கி, மறுமுனை முகவரி எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள்.

இனி 1380. பிங் தரவு 1380, பிங்கும் பிழை அறிவிப்புகளும் பயன்படுத்தும் ஐ.சி.எம்.பி நெறிமுறையின் தலைப்பகுதி 8, ஐ.பி.வி4 தலைப்பகுதி 20, மொத்தம் 1408. ஆனால் 1492 இலிருந்து 80 ஐக் கழித்தால் 1412 அல்லவா வரவேண்டும்? இந்த 4 பைற்று வேறுபாட்டுக்குக் காரணம், வயர்கார்ட் உள்ளே வரும் பொதியின் நீளத்தை 16 இன் மடங்காக நிரப்பி உயர்த்துவதாகும். பொதியின் உண்மையான நீளத்தை வெளியார் ஊகிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. 1408 என்பது 16 இன் மடங்கு. அது அப்படியே போகும். 1409 ஆனதும் அடுத்த மடங்கான 1424 க்கு உயர வேண்டும், ஆனால் இடைமுகத்தின் எம்.ரி.யுவைத் தாண்டி நிரப்பக்கூடாது என்பதால் 1420 இல் நிறுத்தப்படுகிறது. ஆகவே 1409 முதல் 1420 வரையான எல்லாப் பொதிகளும் வெளியே வரும்போது ஒரே அளவில், 1500 பைற்றாகவே இருக்கின்றன. உங்கள் சோதனையில் அமைதியாக விழுந்த பகுதி சரியாக இந்த எல்லைக்குள் வருகிறது. 1393 பைற்றுத் தரவு கொண்ட பொதி 1421 ஆகிவிடுவதால் சுரங்க வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. அதனால்தான் அதற்குப் பிழைச்செய்தி கிடைக்கிறது.

பொதி அளவு மீறியது சிறிய விடயம்; அது பற்றிய அறிவிப்பு வந்து சேராததே பெரிய விடயம். அப்படி மீறினால், செல்லக்கூடிய அளவை அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு இணையத்தில் 1990 ஆம் ஆண்டிலிருந்து, மொகுல், டீரிங் ஆகிய இருவரும் எழுதிய ஆர்.எப்.சி 1191 இலிருந்து (ஆர்.எப்.சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவணத் தொடர்) இருந்துவருகிறது. வழியில் ஒரு ரவுட்டர் தன்னால் கடத்த முடியாத பொதியைக் கண்டால், அதைக் கைவிட்டு, இந்த அளவுதான் இதற்கு மேல் செல்லும் என்று ஐ.சி.எம்.பி செய்தி ஒன்றை அனுப்புகிறது. அனுப்பியவர் அந்த அளவுக்குத் தன் பொதியைக் குறைத்துக்கொள்கிறார். ஐ.பி.வி4 இல் துண்டாக்கக்கூடாது என்ற கொடி இல்லாவிட்டால் ரவுட்டரே துண்டாக்கிக்கொள்ளும். ஐ.பி.வி6 இல் வழியில் உள்ள ரவுட்டர்களுக்குத் துண்டாக்கும் உரிமையே கிடையாது. அங்கே, பொதி மிகப் பெரியது என்ற அந்த ஓர் அறிவிப்பை விட்டால் வேறு வழியில்லை. அதைத் தீச்சுவரில் (எந்தப் பொதியை விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் காவலில்) மறித்துவிட்டால் பொதிகள் தடயமின்றித் தொலையும், கோப்பைக் கடத்தும் ரி.சி.பி நெறிமுறை அதே அளவில் மீண்டும் மீண்டும் அனுப்பிக் களைத்து, இறுதியில் இணைப்பைக் கைவிடும். கோப்புறைப் பட்டியல் வருவதும் பெரிய கோப்பு நிற்பதும் இதனால்தான்.

ஆகவே யாழ்ப்பாணப் பெட்டியின் தீச்சுவரில் உள்ள ஐ.சி.எம்.பி விதிகளைப் பார்க்குமாறு வேண்டுகிறேன். கொழும்புப் பெட்டி அந்த அறிவிப்பைப் பெற்றுக்கொள்கிறது என்றே நினைக்கிறேன். அது வெளிப்பொதியைத் தானே இரண்டாகத் துண்டாக்கி அனுப்பக் கற்றுக்கொண்டதால்தான் அந்தத் திசையில் கோப்பு போய்ச் சேர்கிறது. பிங் சோதனை அந்தத் திசையிலும் தோற்பதில் முரண் ஏதும் இல்லை. கொழும்பிலிருந்து செல்லும் கேள்வி யாழ்ப்பாணத்தை அடைகிறது. அதே அளவுடைய பதில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டுத் தொலைகிறது. கோப்பு அனுப்பும்போது திரும்பி வருபவை சிறிய ஒப்புதல் பொதிகள் மட்டுமே என்பதால் அவை தப்பிவிடுகின்றன.

உறுதிசெய்ய ஒரு வழி: யாழ்ப்பாணப் பெட்டியின் வெளி இடைமுகத்தில், கடந்து செல்லும் பொதிகளைப் பிடித்துக் காட்டும் ரி.சி.பி டம்ப் கருவியை இயக்கிவிட்டு, தரவு 1390 பைற்று கொண்ட பிங்கை அனுப்புங்கள். அந்தக் கருவி உள்வரும் பொதிகளைத் தீச்சுவர் மறிப்பதற்கு முன்பே காண்பதால், உங்கள் சேவை வழங்குநரின் ரவுட்டரிலிருந்து 1492 என்ற எண்ணைச் சுமந்த ஐ.சி.எம்.பி.வி6 வகை 2 செய்தி, அதாவது பொதி மிகப் பெரியது என்ற அந்த அறிவிப்பு, வந்துகொண்டிருந்தால் அங்கே தெரியும்.


மின்கம்பி எழுதியது:

பொதிநோக்கர் ஐயா கூறிய காரணத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். எனினும் பரிகாரம் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. கொழும்பில் பல அலுவலகங்களுக்குக் கிளைகளை இணைத்துக் கொடுக்கும் வேலையைச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அறிவிப்புச் செய்தி வந்து சேரும் என்று நம்பி ஒரு வலையமைப்பை விட்டுவைப்பது நல்லதல்ல. உங்கள் பெட்டியின் தீச்சுவரை நீங்கள் திருத்தலாம். வழியில் உள்ள மற்றவர்களின் கருவிகள் உங்கள் கையில் இல்லை. 2000 ஆம் ஆண்டிலேயே ஆர்.எப்.சி 2923 பொதிகள் இப்படித் தொலைவதைக் கருந்துளை என்று பெயரிட்டு விவரித்திருக்கிறது. இத்தனை காலம் கழிந்தும் அது இல்லாமற் போகவில்லை.

எனவே முதலில் இரு முனைகளிலும் சுரங்கத்தின் எம்.ரி.யுவை 1412 ஆக வையுங்கள். நிரப்பும் அளவு எம்.ரி.யுவைத் தாண்டாது என்பதால் 1412 பைற்றுப் பொதி வெளியே 1492 ஆகச் சரியாகப் பொருந்தும். அதற்காக 1408 க்கு இறங்க வேண்டியதில்லை. அடுத்து, இரு பெட்டிகளிலும், சுரங்கத்துக்குள் நுழையும் ரி.சி.பி இணைப்புகளின் எம்.எஸ்.எஸ் மதிப்பை 1372 க்கு மேல் போகாமல் கட்டுப்படுத்துங்கள். எம்.எஸ்.எஸ் என்பது ஒரு முனை தான் ஒரே துண்டில் ஏற்கும் தரவின் அளவை இணைப்பின் தொடக்கத்திலேயே மறுமுனைக்குச் சொல்லும் எண், ஐ.பி.வி4 இல் எம்.ரி.யுவிலிருந்து 40 ஐக் கழித்தால் வரும். சாதாரண ஈதர்நெற்றில் 1460. பெட்டி அந்த எண்ணை வழியிலேயே குறைத்து எழுதிவிட்டால், இரு முனைக் கணினிகளும் எவருடைய அறிவிப்புக்கும் காத்திராமல் முதற் பொதியிலிருந்தே பொருத்தமான அளவில் அனுப்பும்.

இது ரி.சி.பிக்கு மட்டுமே உதவும் என்பதை மறக்கக்கூடாது. யு.டி.பி மேல் ஓடும் குரல் அழைப்புகளின் பொதிகள் பொதுவாகச் சிறியவை, அவற்றுக்கு ஆபத்து இல்லை. இன்றைய உலாவிகள் பயன்படுத்தும் குவிக் நெறிமுறை 1200 பைற்றுப் பொதியில் தொடங்கி, அதற்கு மேல் எவ்வளவு செல்லும் என்பதைத் தானே சோதித்து அறிந்துகொள்ளும். இரண்டுக்கும் இடையில் வரும் வேறு செயலிகளுக்கு எம்.ரி.யு சரியாக இருப்பதுதான் பாதுகாப்பு.

எல்லாக் கணினிகளிலும் 1400 ஆகக் குறைக்கும் ஆலோசனையை ஏற்காதீர்கள். அது வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் சுரங்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத, அலுவலகத்துக்குள்ளேயே ஓடும் போக்குவரத்தும் சுருங்கிவிடும்; நாளை புதிதாக வரும் ஒரு மடிக்கணினிக்கோ அச்சுப்பொறிக்கோ யாராவது நினைவாக அதே மாற்றத்தைச் செய்ய வேண்டியிருக்கும். இடுக்கமான இடம் சுரங்கம். திருத்தமும் அங்கேயே இருக்கட்டும்.

அவசரம் என்றால், மறுமுனை முகவரியாக ஐ.பி.வி4 முகவரியையே நேரடியாக எழுதிவிட்டால் இன்றைக்கே கோப்புகள் ஓடத் தொடங்கும். கணக்காண்டு முடிவு நெருங்கும் வேளையில் ஒரு கணக்காய்வு அலுவலகம் நிற்கக்கூடாது என்பதால் இதைச் சொல்கிறேன்.


பொதிநோக்கர் எழுதியது:

மின்கம்பி கூறிய 1412, 1372 இரண்டும் சரியான எண்கள். நானும் அவற்றையே வைப்பேன். என் வேண்டுகோள், அவற்றை வைத்ததோடு தீச்சுவர் விதியை அப்படியே விட்டுவிடாதீர்கள் என்பதுதான். அளவைக் குறைத்துக் கட்டியதும் வெளியே எல்லாம் சரியாகத் தெரியும். அறிவிப்பு மறிக்கப்பட்ட நிலை உள்ளே தொடரும். அடுத்த தடவை வழியில் ஓர் இணைப்பு 1480 ஆகச் சுருங்கினால் இதே நோய் இதே அறிகுறிகளோடு மீண்டும் வரும், அப்போது காரணத்தைத் தேடுபவர் வேறொருவராக இருக்கக்கூடும். ஐ.சி.எம்.பி.வி6 செய்திகளில் எவற்றை மறிக்கலாம், எவற்றை மறிக்கவே கூடாது என்று 2007 ஆம் ஆண்டின் ஆர்.எப்.சி 4890 வகைப்படுத்திச் சொல்கிறது. பொதி மிகப் பெரியது என்ற செய்தி மறிக்கவே கூடாதவற்றுள் ஒன்று. ஐ.பி.வி4 இல் அதற்கு இணையானது வகை 3, குறியீடு 4. பாதுகாப்புக்காக ஐ.சி.எம்.பியை ஒட்டுமொத்தமாக அடைப்பது நம்மவர்கள் பலரிடம் பழக்கமாகிவிட்டது. அதனால் கிடைக்கும் பாதுகாப்பு மிகச் சிறிது. ஏற்படும் சேதத்தை இந்தக் கேள்வியிலேயே காண்கிறோம்.


கொட்டாஞ்சேனை_மாணவி எழுதியது:

வணக்கம். நான் தகவல் தொழில்நுட்பம் பயிலும் மாணவி. இந்த உரையாடலை ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். எல்லாக் கணக்கும் 1500 என்ற எண்ணிலிருந்தே தொடங்குகிறது; ஐ.பி.வி4 பொதியின் நீளத்தைக் குறிக்கும் புலம் 16 பிற்று கொண்டது என்பதால் 65,535 பைற்று வரை ஒரு பொதி இருக்கலாம் என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க 1500 ஐ யார், ஏன் தீர்மானித்தார்கள்? வேகம் இவ்வளவு கூடிய பின்னும் அதை ஏன் பெரிதாக்கவில்லை? அண்ணாமார் நேரம் இருந்தால் விளக்க வேண்டும்.


பொதிநோக்கர் எழுதியது:

நல்ல கேள்வி தங்கச்சி. ஐ.பி நெறிமுறை அனுமதிக்கும் அளவும், அதைச் சுமக்கும் கம்பி அனுமதிக்கும் அளவும் வெவ்வேறானவை என்பதை முதலில் மனதில் கொள்ளுங்கள். 65,535 என்பது காகிதத்தில் உள்ள உச்சம். 1500 என்பது ஈதர்நெற்றின் உச்சம்.

ஈதர்நெற் 1973 இல் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் உருவானது. அதைத் தொழிற்றுறைக்கு உரிய தரமாக்கி, நொடிக்கு 10 மெகாபிற்று வேகத்தில், டிஜிற்றல், இன்ரெல், செரொக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்டது 1980 இல். 1500 என்ற எல்லை அந்தத் தரத்தில் உள்ளது; 1983 ஆம் ஆண்டின் 802.3 என்ற ஈதர்நெற் தரத்திலும் அது நிலைத்தது. அன்றைய சூழலை நினைத்துப் பார்த்தால் எண்ணின் நியாயம் விளங்கும். ஒரே கம்பியைப் பல கணினிகள் பகிர்ந்துகொண்டன. ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். தலைப்பகுதியும் சரிபார்ப்புத் தொகையும் சேர்ந்த 1518 பைற்றுச் சட்டகம் அந்த வேகத்தில் கம்பியை ஏறத்தாழ 1.2 மில்லிநொடி பிடித்துக்கொள்ளும். சட்டகம் மிகப் பெரிதானால் மற்றவர்களின் காத்திருப்பும் கூடும், மோதலோ பழுதோ நேர்ந்தால் மீண்டும் அனுப்ப வேண்டிய அளவும் கூடும். வலையமைப்பு அட்டைகளில் ஒரு முழுச் சட்டகத்தை வைத்திருக்கும் நினைவகம் அக்காலத்தில் விலை கூடியதாக இருந்தது என்பதும் ஒரு காரணம். மறுபுறம், மிகச் சிறிதாக வைத்தால் தலைப்பகுதிகளுக்கே கம்பி செலவாகிவிடும்.

மற்றத் தொழில்நுட்பங்கள் வேறு எண்களைத் தேர்ந்தன. ஒளியிழை வளையமான எப்.டி.டி.ஐ 4352 பைற்றுப் பொதியை ஏற்றது. ஏ.ரி.எம் முறையோ 53 பைற்றுச் சிறு கலங்களாக அனைத்தையும் வெட்டியது. இவை வருமுன்பே, வெவ்வேறு அளவுகள் கொண்ட வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டியிருந்ததால்தான் 1981 இல் ஐ.பி.வி4 துண்டாக்கும் வசதியோடு பிறந்தது. அந்த வசதியின் தீமைகளை 1987 இலேயே கென்ற், மொகுல் இருவரும் எடுத்துக்காட்டினார்கள்: ஒரு துண்டு தொலைந்தால் முழுப் பொதியும் பயனற்றுப் போகிறது, சேர்த்துக்கட்டும் சுமை பெறுபவர் தலையில் விழுகிறது. பொதி எந்தச் செயலிக்கு உரியது என்று காட்டும் தொடர்பு எண்கள் முதற் துண்டில் மட்டுமே இருப்பதால் தீச்சுவர்களும் மற்றத் துண்டுகளை இனங்காண முடியாமல் கைவிட்டுவிடுகின்றன. பிறகு வந்த ஐ.பி.வி6 வழியில் துண்டாக்குவதை அறவே நீக்கி, எந்த இணைப்பும் குறைந்தது 1280 பைற்றுப் பொதியைக் கடத்தியே தீரவேண்டும் என்று விதித்தது.

ஏன் பெரிதாக்கவில்லை என்ற கேள்விக்கு விடை வேகத்தில் இல்லை, உடன்பாட்டில் இருக்கிறது. ஒரு ரவுட்டர் பெரிய பொதியைக் கைவிட்டால் அறிவிப்பு அனுப்பும். ஈதர்நெற் சுவிட்ச் தன் எல்லையை மீறிய சட்டகத்தைக் கண்டால் ஒன்றும் சொல்லாது. கைவிட்டுவிட்டு, தன் உள்ளே உள்ள எண்ணியை ஒன்றால் கூட்டும், அவ்வளவுதான். ஈதர்நெற்றில் அளவு பற்றிப் பேசித் தீர்க்கும் முறை எதுவும் வகுக்கப்படவில்லை. எனவே ஒரே வலையமைப்புக் கூறில் உள்ள அனைத்தும், ஒன்றுகூட விடுபடாமல், ஒரே எல்லையை ஏற்றிருக்க வேண்டும். உலகெங்கும் உள்ள கருவிகளை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதால், பத்து மெகாபிற்றுக்காகத் தேர்ந்த எண் நூறு கிகாபிற்று இணைப்பிலும் தொடர்கிறது.


மின்கம்பி எழுதியது:

இதோடு ஒரு நடைமுறைச் செய்தி. 9000 பைற்று ஜம்போ சட்டகங்கள் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை 802.3 தரத்தில் இல்லை, உற்பத்தியாளர்களின் வழக்கம் மட்டுமே. கம்பியில் சட்டகங்களுக்கு இடையே செலவாகும் இடைவெளியையும், சட்டகத்துக்கு முன்னே வரும் முன்குறியையும் சேர்த்துக் கணக்கிட்டால், 1500 பைற்றுப் பொதி 1538 பைற்று இடத்தைப் பிடித்து 1460 பைற்றுத் தரவைச் சுமக்கிறது. ஏறத்தாழ 95 சதவீதம். 9000 ஆக்கினால் 99 சதவீதம். ஆதாயம் நான்கு சதவீதம்தான். நொடிக்குக் கையாள வேண்டிய பொதிகளின் எண்ணிக்கை ஆறில் ஒன்றாகக் குறைவதே உண்மையான இலாபம்; சேவையகத்துக்கும் சேமிப்பகத்துக்கும் இடையே தனியான சுவிட்ச் வைத்திருப்பவர்களுக்கு அது பயன்படும். சாதாரண மேசைக் கணினிகளும் அச்சுப்பொறிகளும் உள்ள கூறில் ஜம்போவை இயக்க வேண்டாம். ஒரே ஒரு பழைய சுவிட்ச் இடையில் இருந்தால் போதும், காலி_வீதி அவர்கள் பட்ட அதே துன்பம், இம்முறை பிழைச்செய்திக்கு வழியே இல்லாமல் வந்து சேரும்.


காலி_வீதி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பொதிநோக்கர் ஐயா சொன்னபடியே செய்து பார்த்தேன். மறுமுனை முகவரி ஐ.பி.வி6 ஆகத்தான் இருந்தது. யாழ்ப்பாணப் பெட்டியில் ரி.சி.பி டம்ப்பை இயக்கிவிட்டு 1390 பைற்றுத் தரவோடு பிங் அனுப்பியபோது, ஒவ்வொரு பொதிக்கும் அங்குள்ள ரவுட்டரிலிருந்து 1492 என்ற எண்ணோடு அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டியைக் கிளையில் நிறுவிக் கொடுத்தவர்கள் எழுதிய தீச்சுவர் விதிகளில் பிங்குக்கும் அண்டைக் கருவிகளை அறியும் செய்திகளுக்கும் மட்டும் இடம்விட்டு, மற்ற ஐ.சி.எம்.பி.வி6 அனைத்தும் மறிக்கப்பட்டிருந்தன. கொழும்புப் பெட்டியில் அப்படி ஒரு விதி இல்லை.

விதியைத் திருத்தி வகை 2 ஐ அனுமதித்ததும், வேறு எதையும் மாற்றுவதற்கு முன்பே, பெரிய கோப்பு ஏறத் தொடங்கியது. அதன் பிறகு இரு முனைகளிலும் எம்.ரி.யுவை 1412 ஆகவும் எம்.எஸ்.எஸ் எல்லையை 1372 ஆகவும் வைத்தேன். இப்போது பிங் தரவு 1384 வரை பதில் வருகிறது, 1385 இல் உடனே பிழைச்செய்தி வருகிறது. இடையில் இருந்த மௌனப் பகுதி இல்லாமற் போய்விட்டது. முகவரியை ஐ.பி.வி4 க்குத் திருப்பவில்லை.

ஒரு கேள்வி எஞ்சியுள்ளது. பைபர் இணைப்பு அறுந்தால் பயன்படுத்துவதற்காகக் கைபேசி வலையமைப்பில் இயங்கும் மாற்று இணைப்பு ஒன்றைக் கிளையில் வைக்க எண்ணியுள்ளோம். அதற்கும் 1412 பொருந்துமா?


பொதிநோக்கர் எழுதியது:

பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் ஐயா. கைபேசி வலையமைப்பும் உங்கள் பொதிகளைத் தனக்குள் ஒரு சுரங்கத்தில் இட்டே கொண்டு செல்கிறது; பலவற்றில் கருவிக்குத் தரப்படும் எம்.ரி.யு 1500 க்குக் குறைவாகவே இருக்கும். மாற்று இணைப்பு வந்ததும், சுரங்கத்தை இயக்குவதற்கு முன்னர், அந்த இணைப்பின் மேல் நேரடியாக இதே பிங் சோதனையைச் செய்து செல்லக்கூடிய உச்சப் பொதி அளவைக் கண்டுபிடியுங்கள். ஐ.பி.வி4 என்றால் அதிலிருந்து 60 ஐயும், ஐ.பி.வி6 என்றால் 80 ஐயும் கழியுங்கள். கிடைக்கும் எண்ணை மாற்றுச் சுரங்கத்துக்கெனத் தனி இடைமுகம் அமைத்து அதில் வையுங்கள். பைபருக்கான 1412 ஐத் தொட வேண்டியதில்லை. சுரங்கத்துக்குள் ஐ.பி.வி6 பொதிகளும் ஓடுவதாக இருந்தால் அந்த எண் 1280 க்குக் கீழே இறங்கக்கூடாது. அதாவது வெளியே ஐ.பி.வி6 மேல் 1360, ஐ.பி.வி4 மேல் 1340 பைற்றாவது செல்லும் இணைப்பாக அது இருக்க வேண்டும். சந்தா செலுத்தும் முன்பே இதைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.